புயலும் மேலடுக்குக் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், எங்கே கரை கடக்கும், எவ்வளவு மழை என்ற இரண்டு கேள்விகள்தான் ஊர் முழுக்க. அதில் தப்பில்லை. ஆனால் அந்த மழைக்கு 16 கி.மீ. மேலே என்ன நடக்கிறது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கு. புயல் என்றால் கீழே இருக்கும் காற்றை மேலே உறிஞ்சும் ஒரு பம்ப் என்றே பலரும் நினைக்கிறோம். மேலே இருப்பதைக் கீழே இறக்கும் வேலையையும் அதே புயல்தான் செய்கிறது. நம் பக்கத்துக் கடலில் எடுக்கப்பட்ட அளவீடுகள் அந்த இரண்டாவது வேலையைத்தான் நன்றாகக் காட்டுகின்றன. அதனால் கீழே உள்ள பதில்களிலும் இறங்கும் காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

புயல் தரையிலும் கடலிலும் வீசுகிற காற்றுதானே? மேலடுக்குக்கு அதில் என்ன வேலை?

நம் மேல் படுவது புயலின் அடிப்பகுதி மட்டும். நன்றாக வளர்ந்த புயலின் மேகம் 15, 16 கி.மீ. உயரம் வரை நிற்கும். கடல்மட்டத்தில் நாலாபக்கமும் இருந்து இடஞ்சுழியாகச் சுழன்று வரும் காற்று, மையத்தை நெருங்கியதும் கண்ணைச் சுற்றியுள்ள மேகச்சுவர் வழியாக மேலே ஏறுகிறது. வழியில் அதிலுள்ள நீராவி மழையாக மாறும்போது வெளிவரும் வெப்பம்தான் புயலுக்குத் தீனி. 12 முதல் 15 கி.மீ. உயரத்துக்குப் போனதும் காற்றுக்கு மேலே போகத் தெம்பு இருப்பதில்லை. பக்கவாட்டில் விரிந்து ஓடுகிறது. விளிம்பை நெருங்க நெருங்க அந்த ஓட்டம் வலஞ்சுழியாகத் திரும்பிவிடும். செயற்கைக்கோள் படத்தில் வெள்ளை வட்டமாக நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த வெளியோட்டத்தில் பரவிய பனித்துகள் மேகத்தைத்தான். டிவியில் காட்டும் புயல் படம் என்பதே ஒரு வகையில் மேலடுக்கின் படம்.

கீழடுக்கும் மேலடுக்கும் பிரியும் எல்லை எங்கே இருக்கிறது?

நாம் வாழும் கீழடுக்கில் மேலே போகப் போகக் குளிரும். அதற்கு மேலுள்ள ஸ்ட்ராட்டோஸ்பியரில் கதை தலைகீழ்: அங்குள்ள ஓசோன் சூரியனின் புறஊதாக் கதிரை விழுங்குவதால், மேலே போகப் போக வெப்பம் கூடும். குளிர்வது நின்று சூடாவது தொடங்கும் இடம் ட்ரோபோபாஸ். துருவப் பகுதிகளில் இது 8, 9 கி.மீ. உயரத்திலேயே வந்துவிடும். நம் அட்சரேகையில் 16 முதல் 18 கி.மீ. வரை ஆகும், அங்கே வெப்பநிலை சுமார் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ்.

கோடு போட்ட மாதிரி ஒரே உயரத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். வெப்பமண்டலத்தில் ஏறக்குறைய 14 கி.மீ. தொடங்கி 18 கி.மீ.க்குச் சற்று மேல் வரை ஒரு இடைப்பகுதி உண்டு. பாதி கீழடுக்கின் குணம், பாதி மேலடுக்கின் குணம். புயலின் வெளியோட்டம் போய் முட்டுவது இந்த இடைப்பகுதியின் அடிவயிற்றில்தான்.

இரண்டு பக்கத்துக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் ஏன் இவ்வளவு அலசுகிறார்கள் என்று புரியும். வங்கக்கடலின் மேல் படிந்திருக்கும் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுக்கு 30,000 அளவில் நீராவி இருக்கும். ட்ரோபோபாஸைத் தாண்டியதும் அது 4 அல்லது 5 ஆகிவிடும். ஓசோன் நேர் எதிர்; வளிமண்டலத்திலுள்ள மொத்த ஓசோனில் சுமார் 90 சதவீதம் ஸ்ட்ராட்டோஸ்பியரில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காற்று கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்தாலும், இந்தப் பக்கத்துக் காற்று கொஞ்சமாக அங்கே போனாலும், கருவியில் பளிச்சென்று தெரியும்.

புயல் இல்லாத நாளில் இந்த எல்லையை எதுவும் தாண்டாதா?

தாண்டும், மெதுவாக. வெப்பமண்டலத்தில் காற்று ட்ரோபோபாஸைக் கடந்து மேலேறி, நடு அட்சரேகைகளிலும் துருவங்களிலும் இறங்கும் பெரிய சுழற்சி ஒன்று எப்போதும் நடக்கிறது. 1949இல் ஆலன் புரூவர் நீராவியை வைத்தும், 1956இல் கோர்டன் டாப்சன் ஓசோனை வைத்தும் இதைச் சொன்னார்கள். இன்று புரூவர்–டாப்சன் சுழற்சி என்கிறோம். இதில் காற்று ஏறும் வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். ஒரு மாதத்தில் ஒரு கி.மீ. கூடத் தேறாது.

புயலின் மேகச்சுவரில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறினாலே 15 கி.மீ. உயரத்தை 50 நிமிடத்தில் தொட்டுவிடலாம். கடல்மட்டத்தில் காலையில் இருந்த காற்று மதியத்துக்குள் விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தாண்டியிருக்கும்.

அப்படியானால் அத்தனை காற்றும் ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் போய்விடுமா?

போகாது. பெரும்பகுதி 12 முதல் 15 கி.மீ.க்குள் வெளியே விரிந்துவிடுகிறது என்று மேலே சொன்னேன். எல்லையைத் தாண்டுவது, வேகத்தில் தன் நிலை மறந்து மேலே துருத்திக்கொண்டு போகும் சில மேகக் கோபுரங்கள் மட்டும். அவையும் தாண்டிய சில நிமிடங்களில் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து கனத்து, மறுபடி கீழே விழும். விழுவதற்குள் அக்கம்பக்கத்துக் காற்றோடு கலந்துவிட்ட பகுதி எதுவோ, அது மட்டும் மேலே தங்கும்.

ஆனாலும் இப்படித் துருத்துவதில் புயலுக்குத் தனி இடம் உண்டு. டேவிட் ராம்ப்ஸும் ஜிமிங் குவாங்கும் 2009இல் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுத்தார்கள். வெப்பமண்டலத்தின் ஆழமான மேகங்களில் புயல்களின் பங்கு 7 சதவீதம்தான். மேகத்தலை ட்ரோபோபாஸைவிடக் குளிர்ந்திருக்கும் மேகங்களை மட்டும் எடுத்தால் அது சுமார் 15 சதவீதம். ட்ரோபோபாஸைவிட 15 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்தவற்றை மட்டும் எடுத்தால் 29 சதவீதம். வடிகட்ட வடிகட்டப் புயலின் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

இதற்காகப் புயலில்லாத இடிமேகங்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். 2018 டிசம்பர் 29 அன்று பசிபிக்கில் நவ்ரு தீவுக்கு அருகே ஒரு இடிமேகத்தின் தலை மைனஸ் 111 டிகிரி வரை குளிர்ந்ததைச் செயற்கைக்கோள் பதிவு செய்தது. அது புயல் அல்ல.

ஈரமான காற்று மேலே போனால் ஸ்ட்ராட்டோஸ்பியர் ஈரமாகுமா, காயுமா?

இரண்டும் நடக்கும். மைனஸ் 80 டிகிரியைக் கடக்கும் காற்றிலிருந்து நீராவி பனித்துகளாக உறைந்து கீழே விழுந்துவிடும். எல்லையைத் தாண்டும்போது அது வறண்ட காற்று. ஸ்ட்ராட்டோஸ்பியர் இவ்வளவு வறண்டிருப்பதற்குக் காரணமே இந்தக் குளிர்ப்பொறிதான் என்று புரூவர் சொன்னார்.

வேகமாக ஏறும் மேகக் கோபுரம் இந்தப் பொறிக்குள் சிக்குவதில்லை. அது நீராவியைக் கொண்டுபோவதில்லை, பனித்துகளையே அள்ளிக்கொண்டு போகிறது. பனி எல்லைக்கு மேலே போய், அங்கே சற்று வெதுவெதுப்பான, காய்ந்த காற்றில் நேரடியாக ஆவியாகிறது. பனித்துகள் பெரிதாக இருந்தால் ஆவியாகும் முன்பே கீழே விழுந்துவிடும்; சிறிதாக இருந்தால் ஈரத்தை விட்டுச் செல்லும். மேலே உள்ள காற்றில் ஏற்கனவே பனித்துகள் உருவாகும் அளவுக்கு நீராவி நிறைந்திருந்தால் விழும் பனி இருக்கிற ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரே புயலின் ஒரு பக்கம் ஈரமாக்குவதும் இன்னொரு பக்கம் காயவைப்பதும் சாத்தியம். எது வெல்லும் என்று பொதுவாகச் சொல்கிறவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

வட இந்தியப் பெருங்கடலில் 2007 முதல் 2013 வரை வந்த புயல்களைத் தொகுத்துப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்றில், கீழ் ஸ்ட்ராட்டோஸ்பியரில் நீராவி கூடியது மையத்துக்கு நேர் மேலே அல்ல, தென்கிழக்கே 500 முதல் 1000 கி.மீ. தள்ளி. ஈரம் மேலே போன இடத்திலேயே இருக்காது, அந்த உயரத்துக் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

சரி, மேலே இருக்கும் காற்று எப்படிக் கீழே வருகிறது? கனமாக இருந்தால் தானே இறங்கும்?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி. ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்று சும்மா கீழே விழ முடியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உலர்ந்த காற்று கீழே இறங்கும்போது அழுத்தம் கூடுவதால் சூடாகும், ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய 10 டிகிரி. 16 கி.மீ. உயரத்தில் மைனஸ் 80இல் இருக்கும் காற்றை 6 கி.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். 10 கி.மீ. இறக்கம், 100 டிகிரி ஏற்றம். காற்று பிளஸ் 20 டிகிரிக்கு வந்துவிடும். 6 கி.மீ. உயரத்தில் அக்கம்பக்கத்துக் காற்று உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும். சுற்றிலும் குளிர், நடுவில் 20 டிகிரிச் சூடு. காலிப் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினால் கையைத் தள்ளிக்கொண்டு மேலே வருமே, அதே கதைதான். இறங்கவிடாமல் மேலே தள்ளும்.

ஆக, இறங்க வேண்டுமென்றால் அந்தக் காற்று வழியில் வெப்பத்தை இழந்தாக வேண்டும். தெளிந்த வானத்தில் காற்று அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியேற்றி ஒரு நாளைக்கு ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி குளிரும். அந்த வேகத்துக்கு ஈடாக ஒரு நாளில் 300 மீட்டர் அளவில் இறங்கலாம். புயலைச் சுற்றி நிலைமை வேறு. வெளியோட்ட மேகத்தின் விளிம்பில் பனித்துகளும் மழைத்துளியும் உலர்ந்த காற்றில் ஆவியாகின்றன. ஆவியாவதற்கான வெப்பத்தை அந்தக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கின்றன. காற்று சட்டென்று குளிர்கிறது, இறங்குகிறது. மேகச்சுவரில் இவ்வளவு காற்று மேலே ஏறுகிறது என்றால் அதே அளவு எங்காவது இறங்கியும் ஆக வேண்டும். மழைப்பட்டைகளுக்கு இடையிலும் புயலின் வெளிவட்டத்திலும் அந்த இறக்கம் நடக்கிறது.

இன்னொரு வழி பக்கவாட்டில் இருந்து வருவது. நம் பகுதியில் அக்டோபர், நவம்பர் புயல்களின் போது வட இந்தியாவுக்கு மேல் மேற்கத்திய உயர்காற்று ஓட்டம் தலைகாட்டத் தொடங்கியிருக்கும். அந்த ஓட்டத்தின் வடபக்கத்தில் ட்ரோபோபாஸ் தாழ்வாக இருக்கும். புயலின் வெளியோட்டம் அதோடு உரசும்போது, வடக்கே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்று நாக்கு போல நீண்டு தெற்கே இழுபட்டு, சரிவாகக் கீழே நழுவும். மேலே சொன்ன 2007–2013 ஆய்வில் கீழ்நோக்கிய பரிமாற்றம் மையத்தின் வடமேற்கிலும் தென்மேற்கிலும் கூடுதலாகத் தெரிந்தது.

கண் வழியாக நேராக இறங்கிவிடாதா? அங்கே மேகமே இல்லையே.

கண்ணுக்குள் காற்று இறங்குவது உண்மை. அதனால்தான் அது சூடாகவும் தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் அந்தக் காற்றில் பெரும்பகுதி மேகச்சுவரிலிருந்து உள்ளே கசிந்து கலந்தது. மேலிருந்து கடல்மட்டம் வரை ஒரு குழாய் இருக்கிறது என்று கற்பனை செய்ய வேண்டாம்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? புயலுக்கு மேலே யார் போய்ப் பார்க்கிறார்கள்?

போய்ப் பார்த்திருக்கிறார்கள். 1987 தொடக்கத்தில் நாசா தன் ஈஆர்-2 விமானத்தை ஆஸ்திரேலியாவின் டார்வினுக்குக் கொண்டுபோய், மேகத்தலைகளுக்கு மேலே பறந்து காற்றை அளந்தது. 20 கி.மீ. உயரம் எட்டக்கூடிய விமானம் அது. கீழடுக்குக் காற்று ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள் வேகமாக ஏறிவிடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று அந்தப் பயணங்களில் கிடைத்தது. 1999இல் சீஷெல்ஸ் தீவிலிருந்து கிளம்பிய ஜியோஃபிசிகா என்ற ரஷ்ய உயர்பறப்பு விமானம் இந்தியப் பெருங்கடலில் டவினா புயலுக்கு மேல் பறந்தது. பிற்பாடு ஆளில்லாத குளோபல் ஹாக் விமானங்களும் அட்லாண்டிக் புயல்களுக்கு மேல் மணிக்கணக்கில் சுற்றியிருக்கின்றன.

நம் பக்கத்தில் வேலை பெரும்பாலும் பலூனிலும் ரேடாரிலும் செயற்கைக்கோளிலும் நடக்கிறது. திருப்பதிக்குப் பக்கத்தில் காடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1024 ஆண்டெனாக்கள் வரிசையாக நிற்கும் எம்எஸ்டி ரேடார் தலைக்கு நேர் மேலே காற்று ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும். ஏறி இறங்கும் வேகத்தை நேரடியாக அளக்கும் கருவிகள் உலகத்திலேயே குறைவு. சென்னைக் கரையைத் தாக்கும் புயல்களின் எல்லைக்குள் அப்படி ஒன்று இருப்பது அதிர்ஷ்டம்தான். ஜிபிஎஸ் சமிக்ஞை வளிமண்டலத்தில் எவ்வளவு வளைகிறது என்பதைத் தாழ்பாதைச் செயற்கைக்கோள்கள் பிடித்து, அதிலிருந்து ட்ரோபோபாஸின் உயரத்தையும் வெப்பத்தையும் கணிக்கின்றன. மேகம் இருந்தாலும் இது வேலை செய்யும் என்பது புயலுக்குப் பெரிய வசதி. 2004இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோள் ஓசோனையும் நீராவியையும் அளக்கிறது.

எனக்குப் பிடித்த கருவி ஓசோன்சோன்ட். பார்த்தால் ஒரு தெர்மோகோல் பெட்டி. உள்ளே இரண்டு சின்னக் கிண்ணங்களில் பொட்டாசியம் அயோடைடு கரைசல், ஒவ்வொன்றிலும் ஒரு பிளாட்டினம் மின்முனை. விரல் அளவுப் பம்ப் ஒன்று வெளிக்காற்றை இழுத்து ஒரு கிண்ணத்துக்குள் குமிழிகளாக விடும். காற்றில் ஓசோன் இருந்தால் அயோடைடோடு வினைபுரிந்து மிகச் சிறிய மின்னோட்டம் பாயும்; ஓசோன் எவ்வளவோ அவ்வளவு மின்னோட்டம். அதை அப்படியே ரேடியோவில் கீழே அனுப்பிவிடும். பலூன் 30 கி.மீ. அளவில் வெடிக்கும் வரை கிண்ணத்தில் குமிழி வந்துகொண்டே இருக்கும். வீட்டு மேசையில் செய்து பார்க்கக்கூடிய வேதியியல், புயல் நேரத்தில் ஸ்ட்ராட்டோஸ்பியர் வரை போகிறது.

அந்தப் பலூன்கள் நம் புயல்களில் என்ன காட்டின?

திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு புயல்களின் போது ஓசோன் பலூன்கள் விடப்பட்டன. ஒன்று 2012 அக்டோபர் 31 அன்று மாமல்லபுரத்துக்கு அருகே கரை கடந்த நீலம். மற்றொன்று 2013 அக்டோபர் 12 அன்று ஒடிசாவின் கோபால்பூர் அருகே கரை கடந்த ஃபைலின். முடிவுகள் 2016இல் வெளியாயின.

10 முதல் 16 கி.மீ. உயரத்தில் ஓசோன் 20 முதல் 50 பிபிபி கூடியிருந்தது. பிபிபி என்றால் 100 கோடி மூலக்கூறில் ஒன்று. கூடியது அந்த உயரத்தோடு நிற்கவில்லை. அடுத்தடுத்து விட்ட பலூன்களில் 6 முதல் 10 கி.மீ. வரையிலும், அதற்குக் கீழேயும் தெரிந்தது. ஓசோன் மிகுந்த அந்தப் படலம் நாளுக்கு 800 மீட்டர் முதல் ஒரு கி.மீ. வரை இறங்கியது. சாதாரணத் தெளிந்த நாளின் இறக்கத்தைப் போல மூன்று மடங்கு. கொஞ்சம் முன்னால் போட்ட 300 மீட்டர் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், அழகாகப் பொருந்தும். தரையிலும் ஓசோன் பகலில் சுமார் 10 பிபிபியும் இரவில் 10 முதல் 15 பிபிபியும் கூடியது.

இரவில் கூடியதுதான் எனக்குச் சுவையான துப்பு. தரைமட்ட ஓசோன் வழக்கமாக வெயிலில் வாகனப் புகையிலிருந்து உருவாவது. இரவில் அந்த உற்பத்தி கிடையாது. புயல் நாளின் மேகமூட்டத்தில் பகலிலும் பெரிதாக இருக்காது. அப்படியிருந்தும் கூடுகிறது என்றால் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அதே நேரம் நடு உயரங்களில் ஆங்காங்கே வறண்ட காற்றுத் திட்டுகளைச் செயற்கைக்கோள் காட்டியது. ஓசோன் மிகுதி, ஈரம் குறைவு: ஸ்ட்ராட்டோஸ்பியர் காற்றின் கைரேகை.

இன்னொன்றைக் கவனியுங்கள். திருவனந்தபுரம் இந்தப் புயல்களின் பாதையிலேயே இல்லை. புயலின் மழைக்கும் காற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. மேலடுக்கில் அது கிளறிவிடுவதற்கு எல்லை அதைவிட விரிவு.

புயல் பலமாக இருந்தால் பரிமாற்றமும் பலமாக இருக்குமா?

சராசரியைப் பார்த்தால் ஆமாம். 2007–2013 தொகுப்பில், சாதாரணப் புயல்களைவிட மணிக்கு 118 கி.மீ.க்கு மேல் காற்று வீசும் மிகத் தீவிரப் புயல்களில் மேலிருந்து கீழே வந்த காற்றின் சராசரி அளவு பத்து மடங்கு. ஆனால் இரண்டு வகையிலும் ஏற்ற இறக்கம் சராசரியைவிடப் பெரிது. அதாவது மிகத் தீவிரப் புயல் ஒன்று மேல்நோக்கியே அதிகம் தள்ளியிருக்கவும் கூடும். பத்து மடங்கு என்ற எண்ணை மட்டும் எடுத்து மீம் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மையத்திலிருந்து 500 கி.மீ.க்குள் ட்ரோபோபாஸ் 600 மீட்டர் வரை தாழ்ந்தும், சுமார் 3 டிகிரி வரை சூடாகியும் இருந்தது. அதே நேரம் மேகங்களின் வெளியோட்ட மட்டம் 2 கி.மீ. வரை உயர்ந்தது. கூரை இறங்க, தளம் ஏற, நடுவில் இடைவெளி குறைகிறது; கலப்பதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டாம்.

தரையில் ஓசோன் கூடினால் உடம்புக்குக் கெடுதலா?

ஓசோன் மேலே இருந்தால் பாதுகாப்பு, மூக்கருகே இருந்தால் எரிச்சல். 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், அதாவது ஏறக்குறைய 50 பிபிபி, என்பது இந்தியாவின் வரம்பு. உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. ஏற்கனவே 40ஐத் தொட்டு நிற்கும் நகரத்தில் 10, 15 கூடினால் வரம்பு தாண்டலாம். சீனாவின் தென்கிழக்குக் கரையில் 2014 ஜூனில் ஹகிபிஸ் சூறாவளி கரை கடக்கும் முன் ஷியாமென், சுவான்சோ நகரங்களில் இரவிலேயே ஓசோன் ஏறியதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் கவனமாக இருக்கலாம். அதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை. புயல் நாளில் ஓசோனைவிட அறுந்து தொங்கும் மின்கம்பிதான் ஆபத்து.

ஓசோன் படலத்தில் ஓட்டை விழுமா?

விழாது. புயல் இறக்குவது படலத்தின் அடிவிளிம்பிலிருந்து ஒரு கீற்று. படலத்தின் செழிப்பான பகுதி 20 முதல் 30 கி.மீ. உயரத்தில் இருக்கிறது.

மறைமுகமாக ஒரு வழி உண்டு. கடற்பாசியும் நுண்பாசியும் புரோமோஃபார்ம் போன்ற புரோமின் சேர்மங்களை வெளியிடுகின்றன. அவை சில வாரங்களில் சிதைந்துவிடும் என்பதால் மெதுவான சுழற்சியில் மேலே போய்ச் சேருவது கடினம். புயலோ ஒரு மணி நேரத்தில் தூக்கிக் கொடுத்துவிடும். மேலே போன புரோமின் ஓசோனைத் தின்னும். மேற்குப் பசிபிக்கில் இதை அதிகம் ஆராய்கிறார்கள்.

புயல் வேறு பக்கம் போனால் சென்னையில் ஏன் வெயில் கொளுத்துகிறது?

2019 ஃபானி நினைவிருக்கும். தமிழ்நாட்டுக்கு மழை என்று ஆசைகாட்டிவிட்டு வடக்கே திரும்பி, மே 3 அன்று பூரி அருகே கரை கடந்தது. நமக்குக் கிடைத்தது அனல். இதுவும் அடுக்குகளுக்கு இடையிலான பரிமாற்றம்தான், ஆனால் தாழ்ந்த மட்டத்தில். புயலின் வெளிவட்டத்தில் இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகி மேகங்களைக் கலைத்துவிடும். கூடவே, புயல் நமக்கு வடகிழக்கே இருக்கும்போது அதன் இடஞ்சுழி ஓட்டம் நம்மிடம் மேற்கு, வடமேற்குத் தரைக்காற்றாக வந்து சேரும். கடற்காற்று கரையைத் தாண்ட முடியாது. மே மாதத்தில் கடற்காற்று வராத மதியம் எப்படி இருக்கும் என்று சென்னைவாசிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புயல் நகரத்து மாசை மேலே கொண்டுபோய்விடுமா?

தண்ணீரில் கரைவதை மழை வழியிலேயே கழுவிவிடும். கார்பன் மோனாக்சைடு போலக் கரையாதது மேலே போகும்.

புவி வெப்பமாதலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நீராவி மூலமாக. ஸ்ட்ராட்டோஸ்பியரில் நீராவி மிகக் குறைவு என்பதால் அதில் சிறு மாற்றமும் தரையின் வெப்பத்தை அசைக்கும். 2000க்குப் பிறகு அங்கே நீராவி சுமார் 10 சதவீதம் குறைந்தது. அந்தக் குறைவு மட்டுமே 2000–2009 காலத்தில் தரை வெப்பமடையும் வேகத்தை, பசுங்குடில் வாயுக்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கைவிட, ஏறக்குறைய 25 சதவீதம் மட்டுப்படுத்தியது என்று சூசன் சாலமன் குழு 2010இல் கணக்கிட்டது. 2022 ஜனவரியில் டோங்கா அருகே வெடித்த ஹுங்கா எரிமலை ஒரே மூச்சில் ஸ்ட்ராட்டோஸ்பியரின் மொத்த நீராவியை சுமார் 10 சதவீதம் கூட்டியது. எந்தப் புயலும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் எரிமலை எப்போதாவது வெடிப்பது. புயல்கள் வருடா வருடம் உலகில் 80க்கு மேல் பெயர் வாங்குகின்றன. கடல் சூடாகச் சூடாகப் பலமான புயல்களின் விகிதம் கூடும் என்று எதிர்பார்க்கப்படுவதால், மேலே போகும் ஈரத்தின் கணக்கும் முக்கியமாகிறது.

இதை நாமே வீட்டிலிருந்து பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, காசும் வேண்டாம். அடுத்த புயல் வரும்போது வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் அகச்சிவப்புப் படத்தைத் திறந்து, மேகத்தலை வெப்பநிலையைப் பாருங்கள். மைனஸ் 80க்குக் கீழே போகும் திட்டுகள் தெரிந்தால் அவை ட்ரோபோபாஸை முட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு திட்டு சில மணி நேரத்தில் தேய்ந்து பக்கத்தில் இன்னொன்று முளைப்பதையும் கவனிக்கலாம்.

அப்புறம் பலூன் வரைபடம். மீனம்பாக்கத்தில் காலை, மாலை 5.30 மணிக் கணக்கில் எடுக்கும் அளவீடு வயோமிங் பல்கலைக்கழகத்தின் தளத்தில் 43279 என்ற நிலைய எண்ணில் கிடைக்கும், காரைக்காலுக்கு 43346. வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கும்: வலப்பக்கம் வெப்பநிலை, இடப்பக்கம் பனிப்புள்ளி, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. இரண்டும் ஒட்டிக்கொண்டு போனால் ஈரம். புயல் நெருங்கும்போது அல்லது விலகியதும் 500 முதல் 300 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தத்துக்குள் (ஏறக்குறைய 6 முதல் 10 கி.மீ. உயரம்) பனிப்புள்ளிக் கோடு திடீரென்று இடப்பக்கம் துள்ளி ஓடினால், அது மேலிருந்து இறங்கிய வறண்ட காற்றாக இருக்க வாய்ப்பு உண்டு. அது ஸ்ட்ராட்டோஸ்பியரிலிருந்தே வந்ததா, இல்லை வடக்கே நிலப்பரப்பின் மேலிருந்து வந்த காய்ந்த காற்றா என்பதை இந்த ஒரு வரைபடத்தை வைத்துத் தீர்ப்பளிக்க முடியாது. அதற்கு ஓசோன் அளவும் கூட வேண்டும்.

ஒரு நாள் வரைபடத்தை மட்டும் பார்க்காமல், புயலுக்கு இரண்டு நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரை எல்லாவற்றையும் சேமித்து வரிசையாக வைத்துப் பாருங்கள். 100 ஹெக்டோபாஸ்கல் பக்கத்தில் வெப்பநிலைக் கோடு வலப்பக்கம் திரும்பும் அந்த முழங்கை நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பலூன் சில சமயம் அந்த உயரத்தை எட்டுமுன்பே வெடித்துவிடும். அன்றைய வரைபடம் பாதியில் நிற்கும், விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.